ஆறில் ஒருவரா, ஆயிரத்தில் ஒருவரா? பிட்யூட்டரி கட்டிகளை எண்ணிய கதை

பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி எத்தனை பேருக்கு இருக்கும் என்று தேடினால் இரண்டு எண்கள் மாறி மாறிக் கண்ணில் படும். ஆறு பேரில் ஒருவருக்கு என்பது ஒன்று. ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்பது இன்னொன்று. முதலாவது 2004இல் வந்தது, இரண்டாவது 2006இல். இரண்டும் பெயர்பெற்ற மருத்துவ இதழ்களில் வெளியானவை, இரண்டையும் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இடையில் நூற்றைம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘பிட்யூட்டரியில் 4 மி.மீ. கட்டி’ என்று படித்துவிட்டு வந்த ஒருவர் முதல் எண்ணைப் பார்த்தால், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் போல என்று அசட்டையாக இருந்துவிடலாம். இரண்டாவதைப் பார்த்தால், ஆயிரத்தில் ஒருவராக நான்தான் கிடைத்தேனா என்று இடிந்துபோகலாம். இரண்டு எண்களும் சரிதான். அவை எண்ணியது வேறு வேறு விஷயங்களை.

சுரப்பியைப் பற்றி இரண்டு வரி. மூளைக்கு அடியில், கண்களுக்குப் பின்னால், மண்டையோட்டின் தரையில் ஒரு சின்ன எலும்புக் குழி இருக்கிறது. அதில் கொண்டைக்கடலை அளவில், சுமார் அரை கிராம் எடையில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி. வளர்ச்சி, தைராய்டு, மாதவிடாய், தாய்ப்பால், உடலின் நீர்ச்சமநிலை எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான். இதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் அடினோமா எனப்படும், புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். உடலின் வேறு இடத்துக்குப் பரவுபவை ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். கட்டி தொல்லை தருவது இரண்டு வழிகளில்: ஏதாவது ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும், அல்லது பெரிதாகி மேலே போகும் பார்வை நரம்புகளையும் சுற்றியுள்ள நல்ல சுரப்பியையும் நசுக்கும். 10 மி.மீ.க்குக் குறைந்தால் மைக்ரோ அடினோமா, அதற்கு மேல் மேக்ரோ அடினோமா. இந்த 10 மி.மீ. கோடு கடைசி வரைக்கும் தேவைப்படும்.

பிணவறையில் கிடைத்த எண்

உயிரோடு இருந்தவரை பிட்யூட்டரி பற்றி ஒரு புகாரும் சொல்லாதவர்களிடம் கட்டி இருக்கிறதா என்று முதலில் தேடியவர்கள் பேத்தாலஜிஸ்டுகள், அதாவது உடல் திசுக்களை ஆராயும் மருத்துவர்கள். 1936இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் காஸ்டெல்லோ என்பவர், பிரேதப் பரிசோதனையில் எடுத்த 1,000 பிட்யூட்டரி சுரப்பிகளை ஆராய்ந்து, அவற்றில் 225இல் அடினோமா இருந்ததாக எழுதினார். அதாவது நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. 1981இல் வெளியான இன்னொரு ஆய்வில் 120 சுரப்பிகளில் 27 சதவீதம். அதே சமயம் வேறு சில இடங்களில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

மனிதர்கள் ஊருக்கு ஊர் அவ்வளவு மாறுவதில்லை. மாறியது வெட்டும் முறை. பிட்யூட்டரியை வெளியே எடுப்பதே கொஞ்சம் மெனக்கெடும் வேலை. மூளையைத் தூக்கிய பிறகு, குழியின் பின்பக்க எலும்புச் சுவரை உளியால் தட்டி எடுத்துவிட்டு, சுரப்பியைச் சுற்றியுள்ள உறையோடு சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பவரும் உண்டு. தொடர்ச்சியாக மெல்லிய சீவல்களாகச் சீவி ஒவ்வொன்றையும் பார்ப்பவரும் உண்டு. இப்படிக் கிடைக்கும் கட்டிகளில் பல 3 மி.மீ.கூட இருக்காது. நடுவில் ஒரு வெட்டு மட்டும் போட்டால் அது ஒரு ஓரத்தில் தப்பிவிடும். அப்புறம் சாயம். நல்ல பிட்யூட்டரியில் செல்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்தையும் ரெட்டிகுலின் என்ற மெல்லிய நார்வலை சூழ்ந்திருக்கும். வெள்ளி உப்பு கொண்ட சாயம் ஏற்றினால் அந்த வலை கறுப்பாகத் தெரியும். அடினோமாவில் வலை அறுந்து சிதறிக் கிடக்கும். அந்தச் சாயத்தைப் போடாமல் பார்ப்பவர், வெறுமனே செல்கள் பெருகிய இடத்தைக் கட்டி என்று எண்ணிவிடலாம், உண்மையான சிறு கட்டியை விட்டும்விடலாம்.

ஆக, 2 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை கிடந்த இந்தச் சிதறலைத்தான் 2004இல் ஷெரீன் எஸ்ஸாத், சில்வியா ஆசா உள்ளிட்ட குழு ஒன்றாகத் திரட்டியது. பிரேதப் பரிசோதனை ஆய்வுகளின் கூட்டுக் கணக்கு 14.4 சதவீதம். ஸ்கேன் ஆய்வுகளின் கணக்கு 22.5 சதவீதம். இரண்டையும் சேர்த்து 16.7. ‘ஆறில் ஒருவர்’ பிறந்தது இப்படித்தான். வெவ்வேறு தடிமனில் வெட்டியவர்களின் எண்களையும், வெவ்வேறு மெஷின்களில் பார்த்தவர்களின் எண்களையும் சேர்த்து எடுத்த சராசரி இது. இதை ஒரு தசமப் புள்ளியோடு சொல்லும்போது அதற்கு இல்லாத ஒரு துல்லியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. என்னைக் கேட்டால், ‘பெரியவர்களில் பத்து முதல் இருபது சதவீதம் பேருக்கு, தேடினால் ஏதோ ஒன்று கிடைக்கும்’ என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

இதைவிட முக்கியமான எண் அதே மருத்துவக் கட்டுரைகளில் இன்னொரு மூலையில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் மார்க் மாலிச் பிரேதப் பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்தபோது, மொத்தம் 18,902 சுரப்பிகள். 10.7 சதவீதத்தில் அடினோமா. அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டிகள். அவற்றில் 10 மி.மீ. கோட்டைத் தாண்டியவை ஏழே ஏழு! சிறு கட்டிகளெல்லாம் மெல்ல மெல்லப் பெரிய கட்டிகளாகிவிடும் என்றால், இறந்தவர்களிடம் பெரியவை நிறையக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. பெரும்பாலான சிறு அடினோமாக்கள் அப்படியே இருந்து, சொந்தக்காரரோடு சேர்ந்தே போய்விடுகின்றன என்று கொள்வதுதான் பொருத்தம். பெரிதாகிறவை தொல்லை கொடுத்து, உயிரோடு இருக்கும்போதே பிடிபட்டுவிடுகின்றன.

உயிரோடு இருப்பவர்களை ஸ்கேன் செய்தால்

பிட்யூட்டரிக்கான எம்.ஆர்.ஐ.யில் காடோலினியம் என்ற மருந்தை ரத்தநாளத்தில் செலுத்திவிட்டு அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். நல்ல சுரப்பி சட்டென்று பளிச்சிடும். அடினோமா மெதுவாக மருந்தை வாங்கும், அதனால் ஆரம்ப நொடிகளில் அது ஒரு மங்கலான புள்ளியாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் மங்கலாகத் தெரிய வேறு காரணங்களும் உண்டு. சின்ன நீர்க்கட்டி, எப்போதோ நடந்த நுண்ணிய ரத்தக்கசிவு, கீழே இருக்கும் சைனஸ் அறையின் காற்றும் எலும்பும் படத்தில் கலந்துவிடுவது, எல்லாமே அதே மாதிரி ஒரு புள்ளியைப் போடும்.

1994இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. எந்தப் புகாரும் இல்லாத 100 தன்னார்வலர்களுக்கு இந்த எம்.ஆர்.ஐ. எடுத்து, யாருடைய படம் என்று சொல்லாமல் ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். பத்துப் பேருக்கு அடினோமா இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். நூறு நல்ல மனிதர்களில் பத்துப் பேர். இந்தப் பத்து சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி வரும்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதி மக்களை ஆண்டுக்கணக்கில் தொடரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 2007இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், சராசரி வயது 63 கொண்ட 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஆறு பேருக்கு 10 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்யூட்டரி கட்டி இருந்தது. லட்சத்துக்கு 300 என்ற விகிதம். மாலிச்சின் ஏழு கட்டிகளை அதே அளவுகோலில் போட்டால் லட்சத்துக்கு நாற்பதுகூட வராது. எட்டு மடங்கு இடைவெளி. இதற்கு யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆறு என்பது சின்ன எண், ஒன்றிரண்டு கூடினால் குறைந்தால் விகிதம் எங்கோ போய்விடும். ரோட்டர்டாமில் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் வயதானவர்கள், படத்தில் கண்டதை யாரும் அறுத்து உறுதிசெய்யவில்லை. ஆனாலும், பெரிய கட்டியோடு அது தெரியாமலே நடமாடும் முதியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்ற சந்தேகத்தை இந்த ஆய்வு கிளப்பிவிட்டது. பார்வையின் ஓரங்கள் மெதுவாக மங்குவதையும் சோர்வையும் அறுபத்தைந்து வயதில் யார்தான் வயதின் கணக்கில் எழுதமாட்டார்கள்?

லியேஜும் பேன்பரியும்

இனி ‘ஆயிரத்தில் ஒருவர்’ கதைக்கு வருவோம். 2006க்கு முன்பு பாடப்புத்தகங்கள் சொன்ன எண் இதையும்விடக் குறைவு. அந்த எண்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து வந்தவை. அங்கே வருபவர்கள் அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள். மாத்திரையில் அடங்கிவிடும் கட்டிக்காரர் நரம்பியல் அறுவை மருத்துவரின் வாசலை மிதிப்பதே இல்லை. அதனால் மருத்துவமனைக் கணக்கில், ஹார்மோன் சுரக்காத பெரிய கட்டிகள்தான் கொட்டிக் கிடக்கும்.

பெல்ஜியத்தின் லியேஜ் மாகாணத்தில் ஏட்ரியன் டேலி, ஆல்பர்ட் பெக்கர்ஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். எல்லை தெளிவாகத் தெரிந்த மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள், மொத்த மக்கள் தொகை 71,972. அங்கே தொழில் செய்யும் பொது மருத்துவர்கள், சிறப்பு மருத்துவர்கள் எல்லோரையும் அணுகி, பிட்யூட்டரி கட்டி என்று உறுதியான நோயாளி உங்களிடம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, ஒவ்வொருவரின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை அறிக்கைகளைச் சரிபார்த்தார்கள். கிடைத்தவர்கள் 68 பேர். லட்சத்துக்கு 94. அதுவரை நினைத்திருந்ததைவிட மூன்றரை முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று அவர்களே எழுதினார்கள்.

68 பேரில் 45 பேருக்கு இருந்தது புரோலாக்டினோமா, அதாவது தாய்ப்பால் ஹார்மோனான புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி. 10 பேருக்கு எதுவும் சுரக்காத கட்டி. 9 பேருக்கு வளர்ச்சி ஹார்மோன் கூடி கைகால் பெருக்கும் அக்ரோமெகலி. 4 பேருக்கு, உடலில் கார்டிசால் ஹார்மோன் கூடிவிடும் குஷிங் நோய். மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். மருத்துவமனைப் பதிவேடு காட்டும் கலவைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

லியேஜ் ஒரு விதிவிலக்கோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே பேன்பரி என்ற ஊர். பிரிட்டனில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு பொது மருத்துவரிடம் பெயர் பதிந்திருப்பார்கள். ஒருவர் எங்கே வைத்தியம் பார்த்தாலும் கடிதம் அந்த மருத்துவரின் கோப்புக்கு வந்து சேரும். இப்படிக் கணக்கெடுக்க விரும்புபவர்களுக்கு இது வரப்பிரசாதம். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற பின்னத்தின் கீழ்ப்பகுதி கேட்காமலே கையில் கிடைத்துவிடுகிறது. பேன்பரியில் 14 மருத்துவ நிலையங்களின் கணினிக் கோப்புகளை அலசினார்கள். 81,149 பேரில் 63 பேர். லட்சத்துக்கு 77.6. புரோலாக்டினோமா 57 சதவீதம். அப்புறம் மால்டா தீவில் லட்சத்துக்கு 75 சொச்சம், ஐஸ்லாந்தில் 2012 நிலவரப்படி 115. ஆக, லட்சத்துக்கு 75 முதல் 115 என்ற வட்டத்துக்குள் எல்லாம் வந்து நின்றுவிட்டன. சிதறிக் கிடக்கும் பிரேதப் பரிசோதனை எண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனதுக்கு ஒரு நிம்மதி.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மால்டாவிலும் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்கள் லட்சத்துக்கு நான்கு பேர் வாக்கில். இந்தக் கட்டி ஆளைச் சீக்கிரம் கொல்வதில்லை. நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்பட்டவர் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் அந்தப் பெயரோடு வாழ்வார். ஆண்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு இருபது இருபத்தைந்து ஆண்டு என்று பெருக்கினால் 80, 100. மருத்துவர் மருத்துவராகக் கேட்டு எண்ணியவர்களுக்குக் கிடைத்த அதே எண்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. இது நோயுள்ளவர்களின் எண்ணிக்கை அல்ல, நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. பெண்களிடம் புரோலாக்டினோமா இவ்வளவு தெரிவதற்கு ஒரு காரணம் மாதவிடாய். புரோலாக்டின் கூடினால் தீட்டு நிற்கும், குழந்தை தங்காது. மூன்று மாதத்தில் மருத்துவரிடம் போய்விடுவார்கள். ஆணுக்கு அப்படி எச்சரிக்கை மணி எதுவும் இல்லை. ஆசை குறைவதை வேலைப்பளு என்று சொல்லிக் கடத்திவிடுவார். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் சிறு புரோலாக்டினோமா பெண்களிடம் ஆண்களைவிடப் பத்து மடங்குவரை அதிகம் காணப்படுகிறது. பிணவறையிலோ புரோலாக்டின் கட்டிகள் ஆண் பெண் இருவரிடமும் ஏறக்குறையச் சமமாகவே கிடைக்கின்றன. பத்து மடங்கு வித்தியாசத்தில் உடலின் பங்கு எவ்வளவு, கவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. அக்ரோமெகலியில் இன்னும் மோசம். செருப்பு சைஸ் ஏறும், மோதிரம் விரலில் இறுகும், பல் இடைவெளி விரியும். தினமும் கூடவே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முகம் மாறும். முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் போய்விடுவது சர்வசாதாரணம்.

எம்.ஆர்.ஐ. பெருகப் பெருக எண்ணிக்கையும் ஏறுகிறது. ஐஸ்லாந்தில் 1955லிருந்து 2012 வரை கணக்கு வைத்திருந்தார்கள். கடைசிப் பத்தாண்டில் புதிய நோயாளிகள் ஆண்டுக்கு லட்சத்துக்கு 5.8 பேர், முந்தைய பத்தாண்டுகளைவிட நன்றாகவே அதிகம். தலைவலிக்கோ விபத்துக்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் பட்டவையும் இதில் உண்டு.

வாயுத் தொல்லை கேப்ஸ்யூல் செய்யும் வேலை

முன்பு சொன்ன பத்து சதவீதம் நம் ஊரில் எப்படி விளையாடுகிறது என்று பார்க்கலாம். நெஞ்செரிச்சல், வாயு என்று போனால் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு கேப்ஸ்யூல் எழுதித் தருவார்கள். பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. சீட்டு இல்லாமலே மாதக்கணக்கில் வாங்கிப் போடுபவர்கள் ஏராளம். டோம்பெரிடோன், புரோலாக்டினுக்குக் கடிவாளம் போடும் டோபமினைத் தடுக்கும். மூளைக்குள் அது அதிகம் புகுவதில்லை என்றாலும் ரத்தத்திலிருந்து மருந்துகள் மூளைக்குள் போவதைத் தடுக்கும் தடுப்புக்கு வெளியே பிட்யூட்டரி இருப்பதால் அங்கே தாராளமாக வேலை செய்யும். விளைவு, புரோலாக்டின் ஏறும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனநலச் சிகிச்சையில் தரும் ரிஸ்பெரிடோன் எல்லாம் இதே வகை. தைராய்டு குறைபாடும் புரோலாக்டினை ஏற்றும். தைராய்டு ரொம்பக் குறைந்தால் பிட்யூட்டரியே வீங்கி ஸ்கேனில் கட்டி மாதிரி நிற்கும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் அந்த ‘கட்டி’ சுருங்கிவிடும்.

தீட்டு தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் வருகிறார். புரோலாக்டின் பார்த்தால் 60 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 25க்குள் இருக்க வேண்டியது. கேப்ஸ்யூல் பற்றி யாரும் கேட்கவில்லை. நேராக எம்.ஆர்.ஐ. மருந்தால் புரோலாக்டின் ஏறிய நூறு பெண்களை இப்படி அனுப்பினால், அந்த அமெரிக்கத் தன்னார்வலர்களைப் போலவே சுமார் பத்துப் பேருக்கு மங்கலான புள்ளி தெரியும். புள்ளிக்கும் புரோலாக்டினுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் சீட்டில் ‘பிட்யூட்டரி மைக்ரோ அடினோமா’ என்று ஏறிவிடும், புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை தொடங்கிவிடும், வருடா வருடம் ஸ்கேன். எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்ற புள்ளிவிவரம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மருந்தை, அதை எழுதிய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சில நாள் நிறுத்திவிட்டு ரத்தத்தை மறுபடி பார்த்தாலே பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, தற்செயலாகப் புள்ளி கிடைத்தவருக்கு என்ன ஆகும்? தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் மைக்ரோ அடினோமாக்களில் பத்தில் ஒன்றுதான் வளர்ந்தது. மேக்ரோவில் நான்கில் அல்லது ஐந்தில் ஒன்று. அதனால்தான் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2011 வழிகாட்டுதல், ஹார்மோன் பரிசோதனை எல்லாருக்கும் செய்துவிட்டு, மறு ஸ்கேனை மைக்ரோவுக்கு ஓராண்டு கழித்தும் மேக்ரோவுக்கு ஆறு மாதத்திலும் எடுக்கச் சொல்கிறது.

அல்ஸ்டரின் ராட்சதர்கள்

எல்லா ஊரிலும் ஒரே விகிதம் என்ற எண்ணத்துக்கு ஓர் அழகான விதிவிலக்கு, அல்ஸ்டர் என்றும் அழைக்கப்படும் வட அயர்லாந்தில் இருக்கிறது. 1761இல் அங்கே பிறந்த சார்லஸ் பைர்ன் ஏழரை அடிக்கு மேல் வளர்ந்தார். லண்டனுக்குப் போய்த் தன்னையே காட்சிப் பொருளாக்கிப் பிழைத்து, 1783இல் 22 வயதில் இறந்தார். தன் உடலை மருத்துவர்கள் அறுத்துவிடக் கூடாது, கடலில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நண்பர்களிடம் கெஞ்சியிருந்தார். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பணம் கொடுத்து உடலை மடக்கிவிட்டார். எலும்புக்கூடு லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது. 2023இல் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோதுதான் பார்வையிலிருந்து எடுத்தார்கள். 1909இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்து, பிட்யூட்டரிக் குழி விரிந்திருந்ததைக் கண்டார். அங்கே கட்டி இருந்ததன் அடையாளம் அது.

2011இல் மார்த்தா கொர்பொனிட்ஸ் தலைமையிலான குழு பைர்னின் பற்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தது. ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் ஒரு பிழை. அதே பகுதியில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் அதே பிழை. பொது மூதாதை சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் என்று கணக்கிட்டார்கள். பிறகு நடுஅல்ஸ்டர் மக்களின் எச்சிலைச் சேகரித்துச் சோதித்ததில், சுமார் 150 பேரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான். மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டி வருவதில்லை. வருபவர்களுக்குச் சின்ன வயதிலேயே, பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன் கட்டியாக வருகிறது. உலக அளவில் பார்த்தால் குடும்ப வழியில் வருபவை மொத்தப் பிட்யூட்டரி கட்டிகளில் ஐந்து சதவீதம் வாக்கில்தான். மற்றவர்கள் பரம்பரையை நினைத்துப் பயப்படக் காரணமில்லை.

அதே குழியில் குடியிருக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராத்கே நீர்க்கட்டி, கருவில் சுரப்பி உருவானபோது மூடாமல் விட்டுப்போன இடுக்கு. பிரேதப் பரிசோதனையில் பத்தில் ஒருவருக்கு மேல் கிடைக்கிறது, பெரும்பாலும் எந்த வம்புக்கும் போவதில்லை. கிரேனியோஃபெரிஞ்சியோமா அபூர்வம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு. குழந்தைப் பருவத்தில் ஒருமுறையும் ஐம்பதுக்கு மேல் ஒருமுறையும் தலைதூக்கும், இருக்கும் இடத்தால் படுத்தி எடுக்கும். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா ரோட்டர்டாம் ஆய்வில் 0.9 சதவீதம் பேரிடம் இருந்தது.

யார் கணக்கில், எந்த இலக்கத்தில்

அமெரிக்காவில் 2002இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2004 ஜனவரி 1 முதல் மூளையிலும் பிட்யூட்டரியிலும் வரும் சாதாரணக் கட்டிகளையும் புற்றுநோய்ப் பதிவேடுகள் எழுதியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அங்கே முழு உருவம் தெரிந்தது: மூளை சார்ந்த முதல்நிலைக் கட்டிகளில் (வேறு உறுப்பிலிருந்து பரவாமல் அங்கேயே தொடங்குபவை) ஆறில் ஒரு பங்குக்குப் பிட்யூட்டரிதான் முகவரி. கறுப்பினத்தவரிடம் விகிதம் வெள்ளையரைவிட அதிகம் என்பதும் இந்தப் பதிவேடுகளிலிருந்தே தெரிந்தது.

நம் நாட்டில் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையிலும் பெங்களூருவிலும், அதற்கு முன்பிருந்தே மும்பையிலும் மக்கள் தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் ஓடுகின்றன. அவற்றின் வேலை புற்றுநோயை எண்ணுவது, சாதாரணக் கட்டி அவற்றின் வரம்பில் இல்லை. ஐரோப்பிய விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு, 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடித் தமிழ்நாட்டு மக்களுக்குப் பேன்பரி, லியேஜ் எண்களைப் பெருக்கிப் பார்த்தால் 56,000 முதல் 68,000 பேர் வரை வருகிறது. இது வெறும் பெருக்கல். லியேஜில் கண்டுபிடித்த அளவுக்கு இங்கே கண்டுபிடித்தால் என்ன வரும் என்பதைத்தான் சொல்கிறது. அதில் கணிசமானோர் மாதவிடாய்க் கோளாறு, குழந்தையின்மை, அடங்காத சர்க்கரை, தீராத தலைவலி என்ற பெயர்களில் வேறு வேறு மருத்துவர்களின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

கடைசியாக, வரப்போகும் எண்களைக் குழப்பப்போகும் ஒரு மாற்றம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில், பிட்யூட்டரி அடினோமா என்ற பெயர் போய் ‘பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் கட்டி’ என்று ஆனது. பெயரோடு சேர்ந்து பதிவேட்டுக் குறியீட்டின் கடைசி இலக்கமும் மாறியது. சாதாரணக் கட்டியைக் குறிக்கும் 0 இருந்த இடத்தில் புற்றுநோயைக் குறிக்கும் 3. நோயாளியின் தலைக்குள் எதுவும் மாறவில்லை. ஹார்மோன் மருத்துவர்களான எண்டோகிரைனாலஜிஸ்டுகள் பலர் இதை எதிர்த்து எழுதினார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டுமே பரவும் ஒன்றுக்கு அந்த இலக்கம் எதற்கு என்ற அவர்கள் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது. அமெரிக்கப் பதிவேடுகளில் 2023லிருந்து இரண்டு குறியீடும் புழக்கத்தில் இருக்கின்றன. பேத்தாலஜிஸ்ட் பழைய பெயரில் எழுதினால் 0, புதிய பெயரில் எழுதினால் 3. இன்னும் சில ஆண்டுகளில் பிட்யூட்டரி புற்றுநோய் திடீரென்று பெருகிவிட்டதாக ஒரு வரைபடம் வலம் வந்தால், அதை வரைந்தவர் இந்த இரண்டு குறியீடுகளையும் சேர்த்து எண்ணினாரா, பிரித்து எண்ணினாரா என்று பார்த்துவிட்டு நம்பலாம்.